கண் படாத மொழி

ஜூன் 8, ஞாயிறு

இந்த டைரியை உரக் கம்பெனிக்காரர் எங்கள் நர்சரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் ஒரு பூசணிக்காய் படம். ஜனவரியிலிருந்து மேஜையில் சும்மா கிடந்தது. இன்றைக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் எடுத்துவிட்டேன்.

கணவர் வீட்டுச் சொந்தத்தில் காதுகுத்து. சம்முவை மடியில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் இலையில் அவருடைய பெரியம்மா. எழுந்து வந்து சம்முவின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மிணி, பிள்ளைக்கு நெசமாலுமே சோறு போடறயா, இல்ல கம்ப்யூட்டர்ல சோத்துப் படத்தக் காட்டறயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்வது, ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சம்மு என்கிற சம்யுக்தாவுக்கு நாலரை வயது. பிறந்ததிலிருந்தே ஒல்லி. ஓடுவாள், ஏறுவாள், பேசிப் பேசியே நம் காதைத் தின்பாள், சோற்றை மட்டும் தின்னமாட்டாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதைப் பந்தியில் யார் கேட்கிறார்கள்?

வீட்டுக்கு வந்து நங்கையிடம் சொன்னேன். நங்கை என்றால் என் கணவரின் அக்கா, ருக்குமணி. பிள்ளை பிறக்கவில்லை என்று கட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்களோடுதான். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் சம்முவுக்கு அம்மா அவர்தான். நான் வீட்டில் இருக்கும்போதும் பாதி நேரம் அவர்தான். கேட்டுவிட்டு, அரைத்துக்கொண்டிருந்த மாவை அப்படியே விட்டு எழுந்தார்.

"ஆடி பொறக்கட்டு. அதுக்குள்ள இவளத் தேத்திக் காட்டறனா இல்லயான்னு பாரு."

எனக்கும் அதுதான் வேண்டும். நகை வேண்டாம், வீடு வேண்டாம். இந்தப் பிள்ளை தேற வேண்டும், அந்தப் பெரியம்மா ஒரு தடவையாவது வாயடைத்துப் போக வேண்டும்.

ஜூன் 11, புதன்

இன்று நர்சரி முதலாளி ரவிச்சந்தர் சாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் நர்சரியில் சதைப்பற்றுச் செடிகள் மட்டும்தான். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஜாதி. ஆன்லைனில் விற்கிறோம். படம் எடுப்பது சார், படத்துக்குக் கீழே இங்கிலீஷில் நாலு வரி எழுதுவது நான். தபால் வழியில் படித்த பி.ஏ. இங்கிலீஷுக்கு இதைவிட என்ன வேலை கிடைக்கும்?

புதிதாக வந்த உருண்டை இலைச் செடிக்கு 'பக்ஸம்' என்று போட்டிருந்தேன். அகராதியில் 'நிறைந்த உடல்வாகு' என்றுதான் இருந்தது. சார் போனோடு ஓடிவந்தார்.

"இந்து, இது செடி. சினிமா போஸ்டர் இல்ல."

அது பெண்ணின் மார்பை வைத்துச் சொல்கிற சொல்லாம். பிறகு உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். ப்ளம்ப் என்றால் ஆசையாகச் சொல்வது, தாராளமாகப் போடலாம். சப்பி குழந்தைக்கு, குட்டிச் செடிக்கும் பொருந்தும். ஃப்ளெஷி இலைக்குச் சொன்னால் சரி, ஆளுக்குச் சொன்னால் அடி விழும். ஜூஸி பழத்துக்கு. செடிக்குப் போட்டால் எவனாவது கடித்துப் பார்த்துவிட்டுப் புகார் கொடுப்பான். லஷ் என்றால் தோட்டமே செழித்து நிற்கிற மாதிரி. பஃபி, ப்ளோட்டட் இரண்டையும் எங்கேயும் போடக்கூடாது, அவை சீக்காளிக்கு உரிய சொற்கள்.

பருமனைச் சொல்ல ஒரு பாஷையில் இத்தனை வார்த்தையா என்று சிரிப்பு வந்தது. என் வீட்டில் ஒன்றுக்குக்கூட வழியில்லை.

ஜூன் 20, வெள்ளி

சம்முவுக்குச் சளி, தொண்டை வலி, காய்ச்சல். மழை வேறு. மருந்துக்கடையில் சிரப் வாங்கி ஊற்றினோம். நங்கை அவளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. சேர்த்து வைத்த கொஞ்ச சதையும் கரைந்துவிடும் என்று எனக்கு எரிச்சல்.

ஜூன் 23, திங்கள்

காய்ச்சல் விட்டது. பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

ஜூன் 30, திங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தலை பின்னிவிடும்போது பார்த்தேன். கன்னத்தில் எலும்பு தெரியவில்லை. மோவாய்க்குக் கீழே ஒரு சின்ன மடிப்பு. நங்கையைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மை டப்பாவை எடுத்து வந்து சம்முவின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். ஒல்லி என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாம். தேறிவிட்டது என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும். அதிலும் பெற்றவள் கண்தான் ரொம்ப மோசமாம். மாடிவீட்டுக் கவுசல்யாவின் கைக்குழந்தை அத்விக் தவழ்கிற தலையணை மாதிரி இருப்பான். அவனைப் பற்றி யாராவது வாயைத் திறந்து கேட்டிருக்கிறோமா? 'பையன் இருக்கறான்' என்போம், அவ்வளவுதான். நல்ல மனசு உள்ளவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போவார்கள். அதுதான் மரியாதை.

ஆனால் எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தமிழில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, குழந்தையைப் பார்த்தவுடன் நாக்கு நுனிக்கு வருகிற சொல். அதை இங்கே எழுதமாட்டேன். அப்புறம்தான் தோன்றியது: இங்கிலீஷுக்குக் கண் படுமா என்ன? வெள்ளைக்காரன் தினமும் சொல்கிறான், அவன் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

சப்பி. என் பிள்ளை சப்பி. எழுதியாயிற்று.

ஜூலை 4, வெள்ளி

ப்ளம்ப்!

மஞ்சள் கவுனுக்குக் கொக்கி போட முடியவில்லை. நங்கை தையலைப் பிரித்துக்கொண்டே தனக்குள் சிரித்துக்கொள்கிறார். நெய்ச்சோறு, ராகிக் களி, முட்டை என்று அவர் ஊட்டியது வீண்போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ராத்திரி சாப்பிடும்வரை மறையவில்லை. போன மாதம் அதே சாக்ஸ் நழுவி ஷூவுக்குள் போய்விடும்.

கூட்டிவரப் போனபோது எல்.கே.ஜி. மிஸ் சம்முவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேன் டிரைவரும் அப்படியே. கவுசல்யா மாடிப்படியில் நின்று "சம்மு ஏனுங்க்கா..." என்று ஆரம்பித்தாள். நங்கை ஒரு பார்வை பார்த்தார். அவள் "...ஸ்கூல் வுட்டாச்சுங்களா" என்று முடித்துக்கொண்டாள்.

இப்படி ஒரு பரிசு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. தெருவே என் பிள்ளையைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறது.

ஜூலை 9, புதன்

காலையில் எழுப்பினால் கண்ணைத் திறக்கவே பாடுபடுகிறாள். இமை தடித்துக் கண் கோடு மாதிரி இருக்கிறது. மத்தியானத்துக்குள் சரியாகிவிடுகிறது. டி.வி.யைக் குறைக்க வேண்டும்.

பஃபி என்று ஒரு வார்த்தை மனதில் வந்தது. சார் போடக்கூடாது என்ற வார்த்தை. போடவில்லை.

ஜூலை 10, வியாழன்

வாங்கின செடி ஒரு வாரத்தில் கரைந்து சாய்ந்துவிட்டது என்று எட்டுப் பேர் புகார். தண்ணீர் ஊற்றியே கொன்றிருக்கிறார்கள். பெட்டிக்குள் வைக்க ஒரு அட்டை எழுதச் சொன்னார் சார். 'இலை திடீரென்று உப்பிப் பளபளத்தால் செழிப்பு என்று மகிழாதீர்கள், வேரை ஒரு முறை பாருங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். சார் படித்துவிட்டு, "இதாம்மா எழுத்து" என்றார். சம்பளத்தில் காட்டினால் நன்றாக இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

இவர் வந்தார். உடுமலைப் பக்கம் காற்றாலையில் ஃபிட்டர். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வீடு. போன தடவை லீவு கிடைக்காததால் சம்முவைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே நான் கதவோரம் நின்றுகொண்டேன். சம்மு உள்ளேயிருந்து நடந்து வந்தாள். முன்பெல்லாம் அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவருவாள். இப்போது உடம்பு கூடிவிட்டதால் நிதானம். இவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

"என்ன, பிள்ளைக்கு மூஞ்சியெல்லாம் இப்பிடி..."

அவ்வளவுதான் சொன்னார். நங்கை பாய்ந்து வந்து தன் கையால் அவர் வாயை மூடினார். மாவுக் கை. இவர் மீசையெல்லாம் மாவு.

"பெத்தவன் நேராப் பாத்துச் சொல்லுவயாடா? மாசக்கணக்கா ஊட்டுனது ஒரு நொடியில போயிரும். உள்ள போய்க் கையக் கழுவு, போ."

சம்மு விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார். சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அவள் பாதத்தையே தடவிக்கொண்டிருந்தார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். அக்காவிடம் அவ்வளவு பயம்.

ஜூலை 15, செவ்வாய்

பாத்ரூமில் ஒரே நுரை. ஷாம்பூவைக் கொட்டி விளையாடியிருக்கிறாள் என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

"நான் கொட்டலம்மா. உச்சா போனன், அதுவா வந்துச்சு."

பொய் வேறு. அதற்கும் சேர்த்து ஒன்று. ஷாம்பூ பாட்டில் மேல் தட்டில்தான் இருந்தது, மூடியும் திறக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறியிருப்பாள்.

முதுகில் என் விரல் தடம் நாலும் பள்ளமாக விழுந்து அப்படியே நின்றது. அவ்வளவு ஓங்கி அடித்துவிட்டேனா என்று மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. நங்கை சொன்னதைச் செய்து காட்டிவிட்டார். செருப்பு நுழையவில்லை, புதுசு வாங்க வேண்டும். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டினாலும் வயிற்றில் அழுந்துகிறது. இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடமாட்டேன் என்கிறாள்.

"வவுறு நெறஞ்சிருக்கும்மா."

ஒண்ணுக்கு ரொம்பக் கொஞ்சமாகத்தான் போகிறாள். தண்ணீர் குடிக்காவிட்டால் வேறெப்படி வரும்? திட்டித் திட்டிக் குடிக்க வைக்கிறேன்.

அடுத்த வாரம் அந்தப் பெரியம்மா வீட்டில் மாவிளக்கு. சம்முவைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். கை நிறைய வளையல் போட்டு, மணிக்கட்டு தெரியும்படி.

ஜூலை 20, ஞாயிறு

விடியக்காலம் வயிற்று வலி. மத்தியானம் காய்ச்சல். வயிற்றைத் தொட்டால் கத்துகிறாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க நங்கை" என்றேன். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் எதுவும் திறந்திருக்காது. நங்கை மிளகாய் வற்றல், உப்பு, தெரு மண் எல்லாம் எடுத்து வந்து, சம்முவைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்துச் சுற்றி, அடுப்பில் போட்டார். நாங்கள் இருவரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். இத்தனை மிளகாய் கருகினால் தெருவே தும்ம வேண்டும். நெடியே வரவில்லை. ஒரு பொட்டு இருமல் வரவில்லை.

நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாம யாரும் வாயில வெக்கலயே... யாரு சொன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மாடியைப் பார்த்தார். கவுசல்யாதான் அன்றைக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நங்கை படியில் நின்று சத்தம் போட்டார். கவுசல்யா கதவைத் திறக்கவே இல்லை. நான் தடுக்கவில்லை. எனக்கும் அவள் மேல்தான் கோபம்.

நானும் சொல்லவில்லை. எழுதியது இங்கிலீஷில்தானே.

கண்தான் என்று தெரிந்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சுற்றிப் போட்டாயிற்று. காலையில் சரியாகிவிடும்.

ஜூலை 21, திங்கள்

சரியாகவில்லை. ஆட்டோ. கோயமுத்தூர். பெரிய ஆஸ்பத்திரி.

ஜூலை 22, செவ்வாய்

ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சம்முவின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. மேலே வரவே இல்லை. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி அப்படியே நின்றது. எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இது சதை இல்லம்மா. அத்தனையும் தண்ணி. கிட்னி வழியா உடம்புல இருக்கற புரதமெல்லாம் வெளிய போயிட்டிருக்கு. ஒண்ணுக்குப் போனா நுரை வந்திருக்குமே?"

நான் தலையை ஆட்டினேன். ஷாம்பூ என்று சொல்ல வாய் வரவில்லை.

"எப்ப இருந்து வீங்கியிருக்கு?"

நான் நங்கையைப் பார்த்தேன்.

"வீட்ல இத்தன பேர் இருக்கீங்க. ஒருத்தர்கூடப் பாக்கலயா?"

உடுமலையிலிருந்து ராத்திரியே வந்துவிட்ட இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நங்கைதான் பேசினார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பாத்தோமுங்க. எல்லாரும் பாத்தோமுங்க. சொல்லக்கூடாதுன்னு..."

டாக்டரம்மா சம்முவின் காலில் போர்வையை இழுத்துவிட்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தான் போலிருக்கிறது. என்ன, ஏது என்று கேட்கவில்லை. தேங்கிய தண்ணீரில் கிருமி பிடித்து ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார். ஆரம்பத்தில் வந்திருந்தால் மாத்திரையிலேயே நின்றிருக்கக்கூடிய வியாதி என்றார். முடிந்ததைச் செய்கிறோம் என்றார்.

இந்த வியாதி வருவதற்கு நாங்கள் காரணமில்லை என்று நர்ஸ் வந்து தனியாகச் சொன்னாள். ஊட்டியதால் வந்ததில்லை, யார் கண்ணாலும் வந்ததில்லையாம். அப்படியானால் நாங்கள் செய்தது என்ன? பார்த்துக்கொண்டு நின்றோம். ஆசையாக, பெருமையாக, மூன்று வாரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூலை 23, புதன்

மருந்து ஏற்றி ஏற்றித் தண்ணீரை வடிக்கிறார்கள். இமை வீக்கம் வற்றிக் கண் கொஞ்சம் திறந்தது. கன்னத்து எலும்பு தெரிகிறது. என் ஒல்லிப் பிள்ளை உள்ளேயேதான் இருந்திருக்கிறாள்.

"அம்மா, ஷாம்பூ நான் கொட்டல" என்றாள்.

"தெரியும் சாமி. நீ கொட்டல. அம்மாதான் தப்பாச் சொல்லிட்டன்" என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

காலை. சம்மு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதினாறு முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னிக்கு அப்பிடிப் பேசாம இருந்திருந்தா..." என்று அழுதார். அவர் ஒருவர்தான் கண்ணால் பார்த்ததை வாயால் சொன்னவர் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

இவர் உடுமலைக்குப் போய்விட்டார். கிளம்பும்போது வாசலில், பை வைத்த அதே இடத்தில் நின்றார். "நான் வாயெடுத்தன் இந்து. அன்னிக்கு வாயெடுத்தன்" என்றார். நங்கை உள்ளே இருந்தார். கேட்டிருக்கும்.

நங்கை பேசுவதை நிறுத்திவிட்டார். சமைக்கிறார், துவைக்கிறார், சம்முவின் தட்டையும் சேர்த்துக் கழுவி வைக்கிறார். கேட்டால் தலையாட்டுகிறார். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். முடியவில்லை. அவர் கையால் மூடியது இவர் ஒருத்தர் வாயைத்தான். என் வாயை நானேதான் மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலைக்குப் போனேன். நன்றாகத்தான் இருக்கிறேன். தூக்கம் வருகிறது. சாப்பிடுகிறேன்.

சார் என் மேஜையில் முள்ளுச் செடிகளின் படமாகப் பார்த்து வைத்திருந்தார். உருண்டை இலைச் செடிகளையெல்லாம் அவரே எழுதிக்கொள்கிறாராம். நல்ல மனிதர். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாருமே எதுவும் சொல்வதில்லை. தெருவே மறுபடியும் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறது.

மத்தியானம் பசுமைக்குடிலுக்குள் போனேன். ஒவ்வொரு இலையாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு வரிசை முழுக்க என் நகத்தடம். சார் வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கவுசல்யா என்னைப் படியில் பார்த்தால் முந்தானையால் அத்விக்கை மூடிக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கண்ணைவிடப் பொல்லாத கண் எது? நானாக இருந்தாலும் மூடித்தான் இருப்பேன்.

ஆனால் மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். கன்னம் இரண்டும் தொங்குகின்றன. கண் சின்னதாகத் தெரிகிறது. முன்னாலும் இப்படித்தான் இருந்தானா?

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லை. போய்ச் சொல்லலாம் என்றால் நான் சொல்லக்கூடாத ஆள். சொல்லாமல் இருக்கலாம் என்றால் அதைத்தான் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டோமே.

சாயங்காலம் கவுசல்யா துணி எடுக்கக் கீழே வந்தாள். அத்விக் ஒவ்வொரு படியாகப் பின்புறமாகவே இறங்கி வந்து, என் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்தேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"அக்கா! வுடுங்க்கா! என்ன பண்றீங்க?"

கவுசல்யா துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் விடவில்லை. ஓங்கி அழுத்தினேன். பையன் வீறிட்டான். விரலை எடுத்தேன்.

சதை மேலே வந்தது. ரப்பர் பந்து மாதிரி உடனே வந்தது. குழியே இல்லை. இன்னொரு காலையும் பிடித்தேன். அதுவும் வந்தது.

"காலையில எந்திரிக்கறப்ப கண்ணு வீங்கியிருக்குதா? ஒண்ணுக்குப் போனா நுரை வருதா? சொல்லு கவுசி."

"இல்லீங்க்கா. ஒண்ணும் இல்லீங்க்கா" என்று அழுதாள். "அன்னிக்கே நான் சொல்ல வந்தனுங்க்கா. சம்மு மொகம் ஏனுங்க்கா இப்பிடி வீங்கியிருக்குதுன்னுதான் கேக்க வந்தன். அவங்க பாத்த பார்வையில எனக்கு..."

பின்னால் நங்கை வந்து நின்றது தெரிந்தது. நான் திரும்பவில்லை. பையனின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஜூன் மாதம் இந்த டைரியில் எழுதப் பயந்த சொல்.

"இது சதைதான் கவுசி. வெறுஞ்சதைதான். கொழுகொழுன்னு இருக்கறான் உன்ற பையன்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கவுசல்யா வாயில் கையை வைத்தாள். பையனைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

என் பிள்ளையை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒருத்தர், "இல்லம்மா, இது கொழுகொழு இல்ல, வீக்கம்" என்று திருப்பிச் சொல்லியிருப்பார்கள். சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் மாடியில் மிளகாய் கருகியது. என் கண் பட்டிருக்கும் என்று பையனுக்குச் சுற்றிப் போட்டிருக்கிறாள். நெடி ஜன்னல் வழியாக இறங்கி வீடு முழுக்க நிறைந்தது. மாடியில் கவுசல்யா இருமினாள். கீழே நான் இருமினேன். சமையலறையில் நங்கை முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமினார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவர் வாயிலிருந்து ஒரு சொல் கேட்டு.

"நெடி வருது" என்றார்.

"ஆமாங்க நங்கை. நல்லா வருது."

என் கண் பட்டும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கும் பார்ப்பேன். கவுசல்யா கதவைச் சாத்திக்கொண்டாலும் தட்டித் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். பார்த்ததைத் தமிழில்தான் சொல்வேன்.